உஷார்! மேலிலை பளபளக்கும்... உள்ளே தூள் இருக்கும்!

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த என் மச்சினன், பாம்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெட்டியைத் திறந்தான். கண்ணாடி மூடி போட்ட பெட்டி. உள்ளே பத்துச் சுருட்டுகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் தங்க நிறப் பட்டை.

"ஒரிஜினல் கியூபா, மச்சான். கடைக்காரர் தெரிஞ்சவர், பாதி விலைக்குக் குடுத்தார்."

பெரியப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. ஒரு காலத்தில் வாயில் சுருட்டில்லாமல் அவரைப் பார்த்தவர்கள் ஊரில் இல்லை. சுருட்டை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன, விரல் மட்டும் எதையும் மறக்கவில்லை. ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து மெதுவாக உருட்டினார். மொறுமொறுவென்று சத்தம். நுனியை உள்ளங்கையில் தட்டினார். பொடி கொட்டியது.

"பிளேடு எடுத்துட்டு வாடா" என்றார்.

செய்தித்தாளை விரித்து, சுருட்டை நெடுக்காகக் கீறினோம். பட்டுப் போன்ற மேலிலைக்குக் கீழே நறுக்கிய துண்டுகள், தூள், நடுவில் தீக்குச்சி கனத்துக்கு ஒரு இலை நரம்பு. முழு இலை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

"இது சுருட்டா, பொட்டலமாடா?" என்றார் பெரியப்பா. மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை.

நீள இலையா, துண்டு இலையா?

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் கடல் கடந்து சம்பாதிக்கும் வீடுகள் ஏராளம். ஊர் திரும்புகிறவர் பெட்டியில் அத்தர், சாக்லேட்டோடு 'கியூபா சுருட்டு'ம் வருகிறது. அதனால்தான் இந்த எச்சரிக்கை.

சுருட்டுக்கு மூன்று பாகம். வெளியே தெரியும் அழகான மேலிலை, அதற்கடியில் கட்டிப் பிடிக்கும் இலை, நடுவில் உள்ளீடு. வித்தியாசம் எல்லாம் இந்த உள்ளீட்டில்தான்.

உயர்ரகக் கியூபா சுருட்டில், சுருட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கும் இலை உள்ளே ஓடும். 'திரிபா லார்கா' என்பார்கள், நீள உள்ளீடு. நன்றாக எரிவதற்கு 'வோலாடோ', மணத்துக்கு 'செக்கோ', காரத்துக்கு 'லிஹேரோ' என்று செடியின் வெவ்வேறு மட்டத்து இலைகளைக் கலப்பார்கள். லிஹேரோ மெதுவாக எரியும், அதனால் அது நடுவில் போகும். ஒவ்வொரு இலையையும் மடித்து, இடையில் காற்றோட வழி விட்டு அடுக்க வேண்டும். இறுக்கினால் புகை வராது, தளர்த்தினால் சூடேறும். பழகிய கைக்குத்தான் அந்தப் பக்குவம் தெரியும்.

'திரிபா கோர்த்தா' என்பது துண்டு உள்ளீடு. நீள இலைச் சுருட்டு செய்யும்போது வெட்டி விழுகிற துண்டுகளும் நறுக்கிய இலைகளும் இதில் போகும். செய்வது சுலபம், விலையும் குறைவு. வேகமாகவும் சூடாகவும் எரியும், சாம்பல் சீக்கிரம் உதிரும், இழுக்கும்போது தூள் வாய்க்கு வரும்.

துண்டு உள்ளீடு என்றாலே மோசடி என்று எண்ணிவிட வேண்டாம். கியூபாவே ஹோசே எல். பியெத்ரா, கின்தேரோ போன்ற பெயர்களில், துண்டு உள்ளீடு என்று சொல்லித்தான், மலிவு விலையில் விற்கிறது. தூளை அடைத்து, பேர்போன பட்டையைச் சுற்றி, நீள இலையின் விலையைக் கேட்பதுதான் மோசடி. 'கையால் சுற்றியது' என்ற வார்த்தையிலும் மயங்காதீர்கள். தூளையும் கையால் சுற்றலாம். இரண்டு நீள இலைக்கு நடுவே தூளை ஒளித்துச் சுற்றும் ரகமும் உண்டு.

சுருட்டு நமக்குப் புதிதா?

ஏமாறுவது யார் என்று பார்த்தால்தான் வேடிக்கை. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் 'சுருட்டு'தான். திருச்சிச் சுருட்டு லண்டன் வரை புகைந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். திண்டுக்கல் புகையிலைக்கும் சுருட்டுக்கும் தனிப் பெயர். அக்கரையில் யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில்கள் ஊருக்கு ஊர் இருந்தன.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய காலம் அது. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, ரயிலும் கப்பலுமாக இரு கரையும் ஒட்டிக் கிடந்தன. திருச்சிச் சுருட்டையும் யாழ்ப்பாணச் சுருட்டையும் முகர்ந்தே பிரித்துச் சொன்ன பெரியவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். அவர்களுடைய பேரன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து ஏமாறுகிறான்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

மூடியைப் பாருங்கள். கியூபா சுருட்டு கண்ணாடி மூடிப் பெட்டியில் வராது. அப்படி வந்தால் போலி என்று அங்கேயே முடிவு கட்டிவிடலாம்.

பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அசல் மரப்பெட்டியின் அடியில் 'எச்சோ என் கூபா' (கியூபாவில் தயாரானது) என்ற முத்திரை மரத்திலேயே பதிந்திருக்கும். முழுக்கக் கையால் செய்ததற்கான முத்திரை 1989 முதல் தனியாக உண்டு. கியூப அரசின் பச்சை உத்தரவாதச் சீட்டும் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று, போலிக்காரன் சீட்டையும் அச்சடிப்பான். சீட்டு இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது.

நுனியைப் பாருங்கள். நீள இலை என்றால் பாயைச் சுருட்டி ஓரத்திலிருந்து பார்ப்பதுபோல மடிப்பு மடிப்பாகத் தெரியும். துண்டு என்றால் அவல்போலத் தெரியும், தட்டினால் உதிரும். சாம்பலை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் தூள் ஒளித்த ரகமும் கொஞ்ச நேரம் சாம்பலைப் பிடித்து வைத்திருக்கும்.

நம் ஊர்க் கடையில் விற்கும் பெட்டி என்றால் இன்னொரு சோதனை உண்டு. 2016 ஏப்ரல் முதல், புகையிலைப் பெட்டியின் முகப்பில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். படம் இல்லாத 'வெளிநாட்டுச் சரக்கு' சட்டப்படி விற்பனைக்கு வந்ததல்ல. வெளிநாட்டிலிருந்து கொண்டு வருகிறவர்களும் கவனிக்க: 25 சுருட்டுக்கு மேல் போனால் வரிச் சலுகை கிடையாது.

கரையோரத் தம்பிகளே, உங்களுக்கும்தான்!

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் போவது பணம். தெரியாமல் சுமந்தால் போவது வாழ்க்கை. வேதாளை, மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் பீடி இலை மூட்டைகள் பிடிபட்டன என்ற செய்தி அடிக்கடி வருகிறது. பீடி இலைக்கு இலங்கையில் இறக்குமதி வரி மிக அதிகம். அதனால் இங்கிருந்து படகில் கடத்துகிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். துரத்தும்போது கடலில் தள்ளிவிட்ட மூட்டைகள் மன்னார், கல்பிட்டிக் கரைகளில் ஒதுங்குகின்றன.

"வெறும் இலைதான் தம்பி, படகுல ஏத்திவிடு போதும்" என்று யாராவது கூலி பேசினால், உடனே விலகி வாருங்கள். மூட்டையைப் பிரித்துக் காட்ட மாட்டார்கள். பிரித்துப் பார்ப்பது கியூ பிராஞ்ச் போலீசாரோ சுங்கத் துறையினரோதான். அந்த நேரம் மூட்டைக்காரன் இருக்க மாட்டான், நீங்கள்தான் இருப்பீர்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய உஷார்

'நீள இலை என்றால் சுத்தம், உடம்புக்குக் கெடுதல் குறைவு' என்று சிலர் கதை விடுகிறார்கள். அது பச்சைப் பொய். இலை நீளமாக இருந்தாலும் துண்டாக இருந்தாலும் எரிவது புகையிலைதான். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயின் உள்தோல் வழியாகவே நிகோடின் ரத்தத்தில் ஏறும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் என்று புற்றுநோய் வரும் இடங்களின் பட்டியல் நீளம்.

அன்று கீறிய சுருட்டையும் மிச்சம் ஒன்பதையும் செய்தித்தாளோடு சேர்த்துக் குப்பையில் போட்டோம். "அசலா இருந்திருந்தா என்ன பெரியப்பா பண்ணியிருப்பீங்க?" என்று மச்சினன் கேட்டான். பெரியப்பா கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் துழாவினார். அந்த இடத்தில் ஒரு காலத்தில் வெள்ளைத் திட்டு வந்து, டாக்டர் அதட்டிய பிறகுதான் அவர் சுருட்டை விட்டார்.

"அசலுக்கும் இதே குப்பைத்தொட்டிதான்டா" என்றார்.

வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகையிலையை விட நினைக்கிறவர்களுக்கு மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது: 1800-11-2356. இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.