ஜப்பான் டர்போ காரும் மலேசிய வெயிலும்

ஜப்பானில் ஓடிய சுபாரு இம்பிரெசா எஸ்டிஐ, மிட்சுபிஷி எவோலூஷன் போன்ற டர்போ கார்கள் மலேசிய இளைஞர் பலருக்குக் கனவு வாகனங்கள். பல வருடம் சேர்த்த பணத்தில் வாங்கிய கார், சில மாதங்களில் பிஸ்டன் உடைந்து பட்டறையில் நிற்பதும் உண்டு. காரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறொரு நாட்டுப் பெட்ரோலுக்கும் குளிருக்கும் ஏற்ப அமைக்கப்பட்ட இஞ்சின் அது.

ஜப்பானில் உயர்ரகப் பெட்ரோல் பெரும்பாலும் ரோன் 100 தரத்தில் விற்கப்படுகிறது. மலேசியாவில் எங்கும் கிடைப்பது ரோன் 95, ரோன் 97. இந்த எண் பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதல்ல. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகத் தீப்பிடிக்காமல் தாங்கும் தன்மையைத்தான் குறிக்கிறது. (சாதாரண மைவி காரில் 97 ஊற்றினால் வேகம் கூடும் என்பது வெறும் நம்பிக்கையே.) டர்போ இஞ்சினுக்குள் காற்று அழுத்தித் திணிக்கப்படுகிறது. எண் குறைந்த பெட்ரோலாக இருந்தால், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் இதை ‘நோக்கிங்’ என்பார்கள். பிஸ்டனை உடைப்பது இந்த அடிதான்.

வெயில் இதற்குத் துணைபோகிறது. 10 டிகிரிக் காற்றைவிட 33 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 7 விழுக்காடு குறைவு. சக்தி குறைகிறது, நோக்கிங் அபாயமோ கூடுகிறது. எஸ்டிஐ காரில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது. கோலாலம்பூர் நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் அதுவே அடுப்பாகிவிடும்!

கைவைக்காத காரில் கணினியே நோக்கிங்கை உணர்ந்து பற்றவைப்பைத் தாமதப்படுத்தும். சக்தி சற்றுக் குறையுமே தவிர, பெரும்பாலும் இஞ்சின் தப்பிவிடும். டர்போ அழுத்தத்தைக் கூட்டிய பிறகுதான் வினை வருகிறது.

அனுபவமுள்ள பட்டறையில் பற்றவைப்பைச் சில டிகிரி தாமதப்படுத்தி, டர்போ அழுத்தத்தைக் குறைத்து, முழு வேகத்தில் பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாக விடுவார்கள். கூடுதல் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கும். மழை பெய்த இரவில் சரியாக ஓடிய அமைப்பு, மறுநாள் உச்சி வெயிலில் கெந்திங் மலையேறும்போது நோக்கிங் தரலாம். ஆகவே இஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் பகலிலும் சோதித்துப் பார்க்கச் சொல்வதே நல்லது.

எந்தப் பெட்ரோலை வழக்கமாக ஊற்றுகிறாரோ, அதையே ஊற்றி அமைத்துக்கொள்வது முக்கியம். 97க்கு அமைத்த காரில், மாதக் கடைசியில் காசு மிச்சம் பிடிக்க 95 ஊற்றினால், அந்தப் பெட்ரோல் தீரும் வரை எக்சலரேட்டரை முழுதாக மிதிக்கக்கூடாது.