யூதாசு இஸ்காரியோத்து: நான்கு நற்செய்திகளில்

மாணவர்களே, தவக்காலத்தில் நமது தோட்டக் கோவில்களில் திருப்பாடுகளின் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் யூதாசு நான்கு நற்செய்திகளும் கலந்து உருவானவன். விடைத்தாளில் அவ்வாறு கலக்காதீர்கள்.

முதலில் எழுதப்பட்டது மாற்கு (ஏறத்தாழ கி.பி. 70) என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. யூதாசு ஏன் காட்டிக்கொடுத்தான் என அவர் கூறவேயில்லை. ஆனால் 14ஆம் அதிகாரத்தில் மூன்று முறை, அவன் பன்னிருவருள் ஒருவன் என்பது நினைவூட்டப்படுகிறது. துரோகம் வெளியிலிருந்து வரவில்லை. பந்தியில் உடன் உண்டவனிடமிருந்து வந்தது.

மத்தேயுவில் அவனே விலை பேசி 30 வெள்ளிக்காசு பெறுகிறான். லூக்கா, சாத்தான் அவனுள் புகுந்தான் என்கிறார். இறுதியாக எழுதப்பட்ட யோவானிலோ அவன் பணப்பையிலிருந்து எடுத்துவந்த திருடன் (12:6). முத்தம்கூட அங்கே இல்லை. காலம் செல்லச் செல்லச் சித்திரம் கறுத்துவருவதைக் கவனியுங்கள்.

எனினும் மனம் வருந்தி, காசைத் திருப்பிக் கொடுத்து, தன் பாவத்தை ஒப்புக்கொள்ளும் யூதாசையும் மத்தேயுவே (27:3-5) காட்டுகிறார். இதைப் பலர் எழுதத் தவறுகின்றனர். அங்கே அவன் தூக்கிட்டு இறக்கிறான். திருத்தூதர் பணிகளிலோ (1:18) தலைகீழாக விழுந்து இறக்கிறான். வினா எந்த நூலைக் கேட்கிறதோ, அந்த நூலின் யூதாசையே எழுதுக.