மரை போனால் ஹெட்டையே மாற்ற வேண்டுமா?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படுவது ஒரு விஷயத்துக்குத்தான். ஸ்பார்க் பிளக்கை இறுக்கும்போது, பிடித்துக்கொண்டிருந்த ஸ்பேனர் திடீரென்று லேசாகி, வெறுமனே சுற்றத் தொடங்கும். உள்ளே மரை போய்விட்டது என்று அர்த்தம். பிளக் நிற்காது, இன்ஜின் ஓடும்போது அழுத்தம் அதை வெளியே தள்ளிவிடும்.

பீட்டில் காரின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, காற்று மட்டும்தான். அதனால் எடை குறைந்த, வெப்பத்தை வேகமாகக் கடத்தும் உலோகம் தேவைப்பட்டது. ஆனால் பிளக்கின் உடம்பு எஃகு. சூடேறும்போது அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். எஃகைவிட மென்மையானதும்கூட. இரண்டும் உரசினால் தேய்வது எப்போதும் அலுமினிய மரைதான். இன்ஜின் ஆறுவதற்கு முன் பிளக்கைக் கழற்றக்கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சிக்கல், துளையே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தகரத் தகடுகளுக்கு நடுவே கையால் தடவித்தான் பிளக்கைப் பொருத்த வேண்டும். கொஞ்சம் சாய்ந்து நுழைந்தாலும் ஸ்பேனரின் பலம் புதிதாக ஒரு கோணல் மரையை வெட்டிவிடும். இதற்கு அனுபவசாலிகள் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைப் பிளக்கின் தலையில் மாட்டிச் சுற்றுவார்கள். பிளக் கோணலாகப் போனால் ரப்பர் வழுக்கும், மரை தப்பிக்கும். பத்துக் காசு செலவில்லாத இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, மரை போயே விட்டது. என்ன செய்யலாம்? துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, அதற்குள் ஹெலிகாயில் எனப்படும் எஃகுக் கம்பிச் சுருளைப் பொருத்தலாம். அந்தக் கம்பியின் குறுக்குவெட்டு வைர வடிவில் இருக்கும். வெளிப்புறம் அலுமினியத்தைப் பிடிக்கும், உட்புறம் பிளக்குக்கு மரையாகும். சுருள் துளையைவிடச் சற்றுப் பெரியது. ஸ்பிரிங் போல வெளிப்பக்கம் அழுத்துவதால் அது தானாகவே நிற்கிறது. பெரிய விட்டத்தில் அலுமினியம் கூடுதல் பரப்பில் பளுவைத் தாங்குவதால், பழுது பார்த்த மரை பழையதைவிட உறுதியாக இருப்பதும் உண்டு. வகுப்பில் படித்த ஷியர் ஸ்ட்ரெஸ் கணக்கு இங்கே அப்படியே வேலை செய்கிறது.

ஆனால் பிளக் துளைக்கு இந்தச் சுருளை நான் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். பிளக்கை அடிக்கடி கழற்றுவோம். சுருளும் கூடவே வந்துவிடலாம். டைம்-செர்ட் போன்ற திடமான எஃகு புஷ் மேல். அதன் மேல்விளிம்பு ஹெட்டில் அமர்ந்துகொள்ளும். பொருத்தும் கருவி அடிப்பகுதியை வெளிப்புறம் விரித்துப் பூட்டிவிடும். செலவு கூடுதல்தான். கவர், பிராக்கெட் போன்றவற்றின் போல்ட்டுகளுக்குச் சுருளே போதும்.

உண்மையான தலைவலி அலுமினியத் துகள்கள்தான். மரை வெட்டும் டேப்பிலிருந்து அவை சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். ஹெட்டைக் கழற்றி வேலை செய்தால் இந்தப் பயமில்லை. ஆனால் பீட்டிலில் அதற்கு இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். அதைத் தவிர்க்க விரும்புவோர் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, சிறிது வெட்டியதும் வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி வெட்டுவார்கள். இந்த வேலையில் அவசரம் கூடாது. டேப் சாய்ந்தாலும் ஆபத்து. பிளக்கின் வாஷர் சமமாக அமராமல் சூடான வாயு கசியும். வழிகாட்டி இல்லாமல் வெறும் கையால் வெட்டுவதைவிட, ஹெட்டை மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோவது நல்லது.

புதிய மரையில் பிளக்கை இறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே அளவு திருப்பினாலும் இழுவிசை கூடிவிடும். அப்போது இறுக்கத்தைக் குறைக்க வேண்டும்.