பேர் எழுதாத ஓவியர்கள்



முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனப்போ, சுவரில் கரித்துண்டால் என் பேரை எழுதிவிட்டு வந்தேன். அப்போ ரொம்பப் பெருமையாக இருந்தது.

இந்த விடுமுறையில் மாமா என்னை விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைக்குக் கூட்டிப் போனார். அங்கே பெரிய பாறைகளில் சிவப்பு ஓவியங்கள் இருக்கின்றன. ஒருவர் ஒரு விலங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறார். சிலருக்குப் பறவை மாதிரி முகம்! இவை சுமார் 3000 ஆண்டுகள் பழமையானவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

நம்ம வீட்டுச் சுவரில் அடிக்கிற சுண்ணாம்பு நாலு மழைக்கே போயிடுது. இது மட்டும் எப்படி நிற்கிறது? காரணம் மூன்று.

1. இது காவிக்கல்லை அரைத்த வண்ணம். அதில் இருப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது துரு மாதிரிதான். வெயிலில் சீக்கிரம் வெளுக்காது.

2. அரைத்த பொடி பாறையின் சின்னச் சின்னத் துளைகளில் புகுந்து பிடித்துக்கொள்கிறது.

3. பாறை கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் மழை நேராக அடிப்பதில்லை.

மத்தியப் பிரதேசத்தில் பீம்பேட்கா மணற்கல் குகைகளிலும் இப்படி ஓவியங்கள் உண்டு. 1957இல் வாகன்கர் என்ற அறிஞர் அவற்றைக் கண்டறிந்தார். தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் சான் என்ற பழங்குடி மக்கள் மணற்கல் குகைகளில் ஈலண்ட் என்னும் பெரிய மானை வரைந்தார்கள். அது வெறும் வேட்டைப் படம் இல்லையாம், அவர்களுடைய நம்பிக்கையும் சடங்கும் அதில் இருக்கின்றன. இந்த இரண்டு இடங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள்.

இவ்வளவு காலம் தாங்கிய ஓவியம் நம்மால் ஒரு நிமிஷத்தில் கெட்டுவிடும். போட்டோவில் பளிச்சென்று தெரியணும் என்று தண்ணீர் ஊற்றினால், பாறையில் உள்ள உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் படியும். பக்கத்தில் அடுப்பு மூட்டினால் புகை படியும். மேலே பெயிண்டால் பேர் எழுதினால், அதைச் சுரண்டும்போது ஓவியமும் சேர்ந்து போய்விடும்.

மாமா கேட்டார்: "இதை வரைஞ்சவங்க எங்கேயாவது தன் பேரை எழுதியிருக்காங்களா, பாரு." நான் பதில் பேசவில்லை.

போன வாரம் மறுபடி கோட்டைக்குப் போனேன். என் பேருக்குக் கீழே இன்னும் ஆறு பேர் எழுதியிருந்தார்கள். வழி காட்டியது நான்தான்.

நண்பர்களே, சுற்றுலா போகும்போது கண்ணால் பாருங்கள், நோட்டில் வரைந்து வாருங்கள். நம்ம ஊர்ப் பாறையில் பழைய கோடு, எழுத்து ஏதாவது தெரிந்தால் தொடாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பேர் எழுத வேண்டுமா? இந்தக் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதுங்கள், இடம் இருக்கிறது!



- 9ஆம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு