நெஞ்சைத் தாக்கும் புகைத் தூசி!

ஆஸ்டின் டவுனிலிருந்து காலையில் வேலைக்குப் புறப்படும் நம்மவர்கள், ஓசூர் ரோட்டுப் புகையில் கொஞ்ச நேரமாவது நிற்காமல் போக முடியாது. இருமலோடு போய்விடும் என்று நினைக்கிறோம். அந்தப் புகை இருதயத்தையும் தாக்குகிறது!

கண்ணில் விழுந்து உறுத்தும் தூசி பெரியது. அதை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத தூசியில்தான். டீசல் புகையிலும் எரியும் குப்பையிலும் வரும் இதன் அளவு 2.5 மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்கு! இது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. மிக நுண்ணியது ரத்தத்திலும் கலக்கிறது. ரத்தக் குழாய் புண்பட்டு வீங்குகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. ரத்தம் எளிதில் உறைகிறது. ஏற்கனவே கொழுப்பு படிந்த குழாய் என்றால், மாரடைப்புதான்.

1952 டிசம்பரில் லண்டன் நகரை 5 நாள் புகை மூடியது. சுமார் 4 ஆயிரம் பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வு 12 ஆயிரம் என்கிறது.

இந்தத் தூசி ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டு சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கூறியது. இந்தியாவில் 2009-ல் வகுத்த வரம்பு 40. நமக்கென்ன இரும்பு நெஞ்சா?

கைக்குட்டை கட்டுவதால் அதிகப் பயனில்லை. மூக்கை ஒட்டிப் பொருந்தும் 'என்-95' முகக்கவசம் ஓரளவு காக்கும். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வாசலில் குப்பை கொளுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தால் 'வாயு' என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல், உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.