அப்பாவின் குரலும் ஐந்து மீட்டர் கேபிளும்

எண்பதுகளில் பெங்களூரில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வரவில்லை. கடிதம் எழுதச் சோம்பல்படும் என் தந்தையார், அறுபது நிமிடக் கேசட்டில் ஊர்க்கதை முழுவதையும் பேசி, கும்பகோணத்திலிருந்து இங்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். அவர் காலமாகிவிட்டார். ஒன்பது கேசட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. இரண்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. நாடா இன்னும் எத்தனை முறை ஓடுமோ என்ற பயத்தில், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடத் தீர்மானித்தேன்.

டேப்ரிக்கார்டரின் ஒலியை எண்களாக்கி யு.எஸ்.பி. கேபிள் வழியே லேப்டாப்புக்கு அனுப்பும் சிறு பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. எங்கள் வீட்டில் டேப்ரிக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும் ஹாலில், லேப்டாப் உள்ளறையில். எஸ்.பி. ரோட்டுக்குப் போய் இன்னொரு கேபிள் வாங்கி, இரண்டையும் கோத்து நீட்டினேன். பதிவைக் கேட்டால், அப்பா என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் ‘டக்’கென்று ஒரு வெட்டு. பாதிப் பெயரைக் காணோம். போதாக்குறைக்குப் பின்னால் ஓர் உறுமல்.

கேபிளில் கோளாறோ என்று அதிலேயே பென் டிரைவை மாட்டிப் பார்த்தேன். படங்கள் பழுதின்றி வந்தன. கேபிள் மேல் குற்றமில்லை என்று முடிவுகட்டி, ஒரு வாரம் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டினேன். அங்கேதான் ஏமாந்தேன்.

பென் டிரைவிலிருந்து வரும் தகவலில் ஒரு பொட்டலம் கெட்டுப்போனால், கம்ப்யூட்டர் அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நேரம் கொஞ்சம் கூடும், நமக்குத் தெரியாது. நம் ஊர் ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ சமாசாரம்தான். ஒலிக்கு அந்தச் சலுகை இல்லை. இத்தகைய பெட்டி நொடிக்கு ஆயிரம் பொட்டலங்களை அனுப்புகிறது. கெட்டது கெட்டதுதான், திரும்பி வராது. ஆகவே கோப்புகளை ஒழுங்காகக் கடத்தும் கேபிள், பேச்சை மட்டும் விழுங்கக்கூடும். வீடியோ காமிராவுக்கும் பெரும்பாலும் இதே கதி.

1996-ல் யு.எஸ்.பி. வெளிவந்தது. பரோடாவில் படித்து இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 2000-ல் வந்த யு.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு கேபிள் ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது. உள்ளே நான்கு கம்பிகள்: இரண்டு 5 வோல்ட் மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. தகவல் கம்பிகளை முறுக்கிப் பின்னியிருப்பார்கள். வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும்; வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் அது கழிந்துபோகும். மேலே உலோகக் கவசமும் உண்டு. மலிவுக் கேபிளில் இந்தக் கவசத்தில்தான் கைவைப்பார்கள். நான் கோத்ததோ எட்டு மீட்டர்!

டேப்ரிக்கார்டரை லேப்டாப் அருகே தூக்கி வந்து, கவசமுள்ள ஒரு மீட்டர் கேபிளைப் போட்டேன். வெட்டு நின்றது. உறுமல் நிற்கவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், அடங்கிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் ஒரு சாக்கெட்டிலும் லேப்டாப் வேறொன்றிலும் எர்த் பெற, இரண்டுக்கும் நடுவே கேபிள் வழியாக ஒரு சுற்று உண்டாகி, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதில் உறுமியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகலாம், அல்லது பேட்டரியில் பதிவு செய்யலாம். எர்த் முள்ளை மட்டும் யாரும் ஒடித்துவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

யு.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க்கை மாட்டியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறதா? மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்த இணைப்பே இரைச்சல் கிளப்பும் என்று 2012-ல் இன்டெல்லே விளக்கியிருக்கிறது. மவுஸின் ரிசீவரைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும்.

இன்னொன்று. இந்தச் சோதனைகளையெல்லாம் ஏதாவதொரு பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டில் செய்யுங்கள். நான் அப்பாவின் கேசட்டையே பதினோரு முறை ஓட்டிவிட்டேன். பன்னிரண்டாவது ஓட்டத்தில்தான் என் மகளின் பெயர் முழுதாக விழுந்தது. பூஞ்சை பிடித்த இரண்டையும் இன்னும் தொடவில்லை. சுத்தம் செய்யத் தெரிந்தவர் நம் சங்கத்தில் யாரேனும் இருந்தால் தெரிவியுங்கள்.