செம்மறியாடு ஏறாத பாறை

ஹவாயின் பெரிய தீவில் 4,207 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது மௌனா கேயா எரிமலை. அதன் கிழக்குச் சரிவில், வைலுக்கு ஆறு தொடங்கும் பகுதியிலுள்ள செங்குத்துப் பாறைகளில்தான் வெள்ளிவாள் செடி இயற்கையாக மிஞ்சியது. ‘ஆஹினஹினா’ என்பார்கள் ஹவாய் மக்கள். 1986இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள தாவரமாக அறிவித்தது. பாறைகளில் எஞ்சியவை ஐம்பதுகூட இல்லை.

இந்தச் செடி எங்கே வளர்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், பாறை இடுக்குதான் இதற்குப் பிடித்த இடம் என்று தோன்றும். உண்மை அதுவல்ல. 1825இல் மலையேறிய தாவரவியலாளர் ஜேம்ஸ் மெக்ரே, வேறு செடி கொடி அற்றுப்போன உச்சிச் சரிவில் இது நிற்பதைக் கண்டார். அந்தத் திறந்த சரிவுகள்தான் அதன் சொந்த வீடு.

1793இல் கேப்டன் வான்கூவர் தீவுக்கு மாடுகளையும் செம்மறியாடுகளையும் கொண்டுவந்தார். அவை கட்டுப்பாடின்றிப் பெருகி மலையேறின. ஆட்டின் வாய் எட்டிய இடத்திலெல்லாம் செடி தின்று தீர்க்கப்பட்டது. எட்டாத இடத்தில் மட்டும் பிழைத்தது. வரைபடத்தின் அந்தப் புள்ளிகள் காட்டுவது ஆடுகளின் எல்லையை.

அருகில் பார்த்தால் கத்தி போன்ற இலைகள். அவற்றை மூடிய நுண்ணிய முடிகள் வெயிலில் வெள்ளியாய்ப் பளபளக்கும். இலைக்குள் நீரைத் தேக்கும் கூழ். பல ஆண்டுகள் தரையோடு தரையாக இருந்துவிட்டு, ஒரே ஒருமுறை ஆளுயரத் தண்டை நீட்டி, நூற்றுக்கணக்கான பூங்கொத்துகளை விரித்து, விதை தந்து செத்துவிடும். தன் மகரந்தம் தனக்கே உதவாது. பக்கத்தில் இன்னொரு செடி அதே பருவத்தில் பூத்தாக வேண்டும். சிதறிக் கிடக்கும் சில செடிகளுக்கு அது எவ்வளவு அரிய வாய்ப்பு!

1970களில் நாற்று நடத் தொடங்கினார்கள். செடிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆனால் எல்லாமே இரண்டே தாய்ச்செடிகளின் வாரிசுகள். எண்ணிக்கை கூடியது, மரபு வளம் கூடவில்லை. எனவே அரிசோனா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ரோபிஷோவும் உடன் உழைத்தவர்களும் பாறைச் செடிகளின் மகரந்தத்தைச் சேகரித்து, நட்ட செடிகளின் பூக்களில் கையால் சேர்த்தார்கள். தேனீ செய்ய வேண்டிய வேலை அது.

இதற்கிடையே 1979இல், இதே மலையில் வாழும் பலிலா என்ற பறவைக்காக நடந்த வழக்கில், அதன் வாழிடத்திலிருந்து ஆடுகளை அகற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வேலை எளிதில் முடிகிற வேலையாக இல்லை. அதனால் நாற்றங்காலில் எத்தனை ஆயிரம் கன்றுகள் தயாரானாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஆடுகளைத் தடுக்கும் வேலி எதுவரை போட்டிருக்கிறது என்பதுதான்.